விடை தெரிந்துவிட்ட கதையில் மர்மத்தை எங்கே வைப்பது?

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுகதை ஒன்றை எழுதி முடித்தும், அது முடியவில்லை என்ற உறுத்தலோடு ஓராண்டாக வைத்திருக்கிறேன். கதை என் அப்பாயி சொன்னது. திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் ஊரில், மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல, நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி இருந்து கேட்போம்.

1952ஆம் ஆண்டுப் புயலுக்கு முந்திய புரட்டாசி மாதம். அந்தப் புயல் நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்து டெல்டாவையே புரட்டிப் போட்டதால், அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் எங்கள் ஊரில் வயதையும் கல்யாணத்தையும் கணக்குச் சொல்வார்கள். சம்பா நடவு முடிந்திருந்த நேரம். அன்றிரவு எங்கள் மூன்று மா நிலத்துக்கு முறைத் தண்ணீர், அதாவது வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு விட்டுக்கொள்ளும் முறை எங்களுடையது. தாத்தாவின் தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாப்பிட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு போனவர் திரும்பி வரவில்லை. விடிந்ததும் தேடிப் போனவர்கள் மதகின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். பக்கத்தில் மண்வெட்டி, சேறு போகக் கழுவிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. துண்டு நாலாக மடித்து அதனருகே இருந்தது.

இந்த இடத்தில் அப்பாயி நிறுத்திவிடுவார். "அப்புறம்?" என்று நாங்கள் கேட்டால், "அப்புறம் என்ன, விளக்கை இறக்கி எடுத்துக்கிட்டு வந்தாங்க" என்பார். முனி அடித்துவிட்டது என்றவர்கள் உண்டு, கொள்ளிவாய்ப் பிசாசைப் பின்தொடர்ந்து போனார் என்றவர்கள் உண்டு, ஆற்றுச் சுழியில் சிக்கினார் என்றும், போலீசுக்குப் பயந்து தலைமறைவானார் என்றும் சொன்னவர்கள் உண்டு. எதையும் அப்பாயி மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. முப்பது ஆண்டுகள் அந்த விளக்கு என் மனத்தில் எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தாதான் எங்கள் சின்னத் தாத்தா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய், அங்கே குடும்பம் நடத்தி, நிறைவான வயதில் இறந்திருக்கிறார். ஏன் போனார் என்பதை அங்கேயும் அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். அப்பாயி அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

கதையின் கடைசிப் பகுதியில் இதை எழுதினேன். கும்பகோணத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிக் கதைகளைப் படிப்பதுண்டு. அங்கே படித்துக் காட்டியபோது, ஈப்போ வந்தவுடன் கதை இறந்துவிட்டதாக எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஈப்போவை எடுத்துவிட்டால் கதை உயிரோடு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை வாசகரிடமிருந்து நான் ஒளித்து வைக்கிறேன் என்பது என்னைக் குத்துகிறது. அப்பாயிக்கு உண்மையிலேயே தெரியாது, ஆகவே அவருடைய மௌனம் நேர்மையானது. என்னுடையது அப்படியா? தெரியாமை ஒரு கதைக்கு இவ்வளவு வலிமையைத் தருவது எதனால், தெரிந்துகொண்ட பிறகு அந்த வலிமையை நேர்மையாகக் காப்பாற்ற வழி உண்டா என்பதைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

வடவாறு எழுதியது:

நான் காட்டுமன்னார்கோயில்காரன். எங்கள் ஊர் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 987இல் வெட்டப்பட்டது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுடைய நிலங்களையும் அவர்களைச் சார்ந்தவர்களுடைய நிலங்களையும் பறிமுதல் செய்வது பற்றியது. சோமன், அவன் தம்பியர் ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களையே அது சொல்லிவிடுகிறது. ஓர் எளிய துப்பறியும் கதையாக இருந்தால் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அந்தக் கொலையைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. அந்தச் சகோதரர்களுள் இருவர் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்றவர்கள், அரசு உயர்நிலையில் இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் பட்டத்து இளவரசனைக் கொன்றது யாருக்காக? கொலைக்கும் தண்டனைக்கும் இடையே, இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் ஏன் கழிந்தது? வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் பிறந்த சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் ஒரே கல்லைத்தான் படித்தார்கள்.

கல்கி 1950இல் தொடங்கி வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது இந்தக் கல்வெட்டுச் செய்தி அறிஞர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் கரிகாலனைக் கடம்பூர் மாளிகையின் இருட்டுக்குள் கொண்டுபோய், அங்கே வந்திருந்த ஒவ்வொருவரும் எதற்காக வந்தார் என்பதை நமக்கு நன்றாகத் தெரியவைத்துவிட்டு, கத்தி இறங்கிய கணத்தில் மட்டும் வெளிச்சத்தை எடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றும் வீராணத்து ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு அதற்காக வாதாடுவார்கள். நானும் வாதாடியிருக்கிறேன்.

இதை உங்கள் கதைக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். "சின்னத் தாத்தா எங்கே போனார்" என்பதை நீங்கள் கதையின் கேள்வியாக வைத்துவிட்டதால், ஈப்போ என்ற ஒரு சொல் வந்ததும் கதை காலியாகிவிட்டது. ஊர்ப் பெயர் ஒன்றால் நிரம்பிவிடக் கூடிய பள்ளமாக அது இருந்திருக்கிறது. ஆனால் நீங்களே மேலே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஏன் போனார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று. அந்தக் கேள்விக்கு ஈப்போவிலும் விடை இல்லை. ஆகவே ஈப்போவைக் கடைசியில் வைக்காதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: எங்கள் சின்னத் தாத்தா கப்பலேறிப் போய் மலேயாவில் வாழ்ந்து இறந்தார். அதன் பிறகு மதகுக்குப் போங்கள். வாசகருக்கு முனியும் இல்லை, சுழியும் இல்லை. ஊரை விட்டுப் போக முடிவெடுத்துவிட்ட ஒரு மனிதர் மண்வெட்டியை ஏன் கழுவி வைத்தார் என்பது மட்டும் நிற்கும். எனக்கு முனியைவிட அதுவே பெரிய மர்மமாகத் தோன்றுகிறது.

---

தில்லைவெளி எழுதியது:

வடவாறு அவர்கள் சொன்ன வழி நல்ல வழி. ஆனால் கேள்வியின் முதல் பாதிக்கு, தெரியாமைக்கு எங்கிருந்து வலிமை வருகிறது என்பதற்கு, இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் கதைகளில் மர்மம் என்பது பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். "ஏதோ ஓர் உருவம்", "எங்கிருந்தோ ஓர் ஓசை", "இனம்புரியாத ஓர் உணர்வு" என்று எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'ஏதோ' போட்டுவிட்டால் மர்மம் வந்துவிடும் என்று நினைப்பார்கள். உங்கள் அப்பாயியின் கதையில் ஒரு 'ஏதோ'வும் இல்லை. மூன்று மா நிலம், அரிக்கேன் விளக்கு, கழுவிய மண்வெட்டி, நாலாக மடித்த துண்டு. துண்டு எத்தனை மடிப்பு என்பது வரை தெரிந்திருக்கும் ஒரு கதையில், ஆள் மட்டும் தெரியவில்லை. சுற்றிலும் அவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் நடுவில் உள்ள இடம் அவ்வளவு வெறுமையாக இருக்கிறது.

சிதம்பரத்தில் சிற்றம்பலத்துக்குள் நடராசப் பெருமானுக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்கும். தீட்சிதர் அதை விலக்கி ஆரத்தி காட்டும்போது பொன்னாலான வில்வ மாலைகள் தெரியும், அவற்றுக்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை. ஊர் முழுவதும் 'சிதம்பர ரகசியம்' என்று சொல்கிறோமே, அது அந்த வெளிதான். உள்ளே ஒன்றும் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும்; யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் திரை விலகும் கணத்தில் அங்கே நிற்கும் நூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்து வருகிறேன். அந்த மாலை இல்லாவிட்டால் அங்கே வெளி இருப்பது நமக்குத் தெரியாது என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். இல்லாத ஒன்றைக் காட்டுவதற்கு இருக்கிற ஒன்றைப் பொன்னில் செய்து தொங்கவிட வேண்டியிருக்கிறது.

இது நம்முடைய பழைய பழக்கம். அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆனால் அவன் வந்த வழியில் என்ன மரம், அது எந்த மாதத்தில் பூத்தது, கூட்டில் இருந்த பறவை என்ன செய்தது என்பவற்றுக்குத் தடை இல்லை. பெயரைத் தவிர எல்லாம் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரியாததால் அந்தத் தலைவி யாருடைய வீட்டுப் பெண்ணாகவும் ஆகிவிடுகிறாள். பாடிய புலவர்களிலேயே சிலருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்மண்ணில் கலந்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார், முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடுமுன்றிலார். ஆளை மறந்துவிட்டோம், அவர் கண்ட அணிலை மறக்கவில்லை.

என் கருத்துக்கு எதிராக நானே ஒருவரைச் சொல்ல வேண்டும். 1907இல் செம்மங்குடியில் பிறந்து, கும்பகோணத்திலும் பின்னர் எங்கள் சிதம்பரத்திலும் வாழ்ந்த மௌனி, மொத்தமே இரண்டு டஜன் அளவுக் கதைகள்தான் எழுதினார். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். அவர் கதைகளில் ஊருக்கும் ஆளுக்கும் பெரும்பாலும் பெயர் இராது, பொருள்களின் விவரம் குறைவு. அங்கே துல்லியம் வேறோர் இடத்தில் இருக்கிறது, மனம் ஓர் எண்ணத்திலிருந்து அடுத்த எண்ணத்துக்கு நகரும் அந்த அடியில். அதை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நினைக்கவில்லை. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவல் கற்றுக்கொள்ளக் கூடியது. 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு மனிதனின் காதுக்குள் குரல்கள் ஓயாமல் பேசுகின்றன. அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது அது. அந்தக் குரல்கள் தெய்வமா நோயா என்பதைவிட, அந்தக் குரல்களோடு ஒருவன் எப்படிச் சாப்பிட்டான், எப்படித் தொழில் செய்தான் என்பது நம்மை அதிகமாக நடுங்க வைக்கிறது.

---

வடுவூர் ஏரி எழுதியது:

விடையைச் சொல்வது ஏதோ குறைவான வேலை என்பது போன்ற தொனி மேலே வந்துவிட்டதால் ஒரு சொல். எங்கள் வடுவூர்க்காரர் துரைசாமி ஐயங்கார் நூறாண்டுகளுக்கு முன்பே துப்பறியும் நாவல்களை எழுதித் தள்ளியவர். அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' நாவல்தான் 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற படமாக வந்தது. இலக்கிய விமரிசகர்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்றாலும், தமிழில் நாவல் படிக்கும் வழக்கத்தை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அந்த வகைக் கதையில் மர்மம் வாசகரிடம் வாங்கிய கடன். கடைசி அத்தியாயத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை வாசகர் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர் தம் கதையின் தொடக்கத்தில் முனி, பிசாசு, சுழி, போலீஸ் என்று நான்கு விடைகளை வரிசையாக வைக்கிறார். அப்படி வரிசை வைத்தாலே வாசகர் துப்பறியத் தொடங்கிவிடுவார், இவற்றில் எது சரி என்று. அது கடன் வாங்கிய மாதிரிதான். திருப்பித் தரப் போவதில்லை என்றால் அந்த நான்கையும் எடுத்துவிடுங்கள், அல்லது வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் போகிற போக்கில் சொல்லட்டும்.

---

வெட்டாறு எழுதியது:

தெரியாமைதான் வலிமை என்று இந்த இழை முழுவதும் பேசப்படுகிறது. தெரிந்த கதைக்கும் அந்த வலிமை உண்டு என்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் சாட்சி இருக்கிறது.

ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே வரதராசப் பெருமாள் கோயிலுக்கு முன்னால் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம் இரவு முழுவதும் ஆடப்படும். பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்பார்கள். பார்க்க உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தெலுங்கு தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தூண் பிளக்கும், சிங்கம் வரும், இரணியன் மடிவான் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலில் வைத்துப் பூசை செய்யப்படும் நரசிம்ம முகம் அன்று ஒருவர் முகத்தில் ஏறும். அவர் விரதம் இருந்து வருவார்.

சிறுவனாக இருந்தபோது என் மாமாவின் மடியில் தூங்கிவிட்டு, விடியும் நேரத்தில் அவர் என்னை உலுக்கி எழுப்பியது நினைவிருக்கிறது. இரணியன் கேட்கிறான், இந்தத் தூணில் இருக்கிறானா என்று. சிறுவனாக இருந்த எனக்கே விடை தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கும் தூணுக்கும் இடையே அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, இரணியன் சுற்றிச் சுற்றி வருகிறான், மிருதங்கம் ஒரே நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் மாமாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. ஐம்பது வயதுக்காரர், ஐம்பது முறை பார்த்தவர். சிங்க முகம் வெளிப்பட்டபோது அதை அணிந்தவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வேளையில் என்ன நடக்கும் என்பது மேடையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கதை தெரியும், ஆனால் அது இன்றைக்கு நம் முன்னால் என்ன ஆகும் என்பது தெரியாது. ஆகவே ஈப்போவை முதலில் சொல்லிவிட்டால் கதைக்கு இழப்பு வரும் என்று அஞ்ச வேண்டாம். இரணியன் தூணைச் சுற்றி வந்தது போல, நீங்கள் அந்த மதகைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு மனிதர் இரவில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் காட்சியை நான்கு பக்கம் எழுத முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. வடுவூர்க்காரர் சொன்ன குறை சரியானது. அந்த நான்கு விடைகளை நான் அலங்காரமாகத்தான் வைத்திருந்தேன், எடுத்துவிடுகிறேன். முதல் பத்தியில் ஈப்போவை எழுதிப் பார்த்தேன். என் நேர்மைக் கவலை உடனே தீர்ந்துவிட்டது. ஆனால் வெட்டாறு அவர்கள் கேட்ட நான்கு பக்கம் என்னிடம் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. கணினி விசைகளைத் தவிர எதையும் பிடித்துப் பழகாதவன் நான். ஓர் இரவு முழுவதும் வயலில் தண்ணீர் பாய்ச்சியது இல்லை. அப்பாயி வாயில் கேட்ட பொருள்களை மட்டும் வைத்திருக்கிறேன், அவற்றைப் புழங்கத் தெரியவில்லை.

இன்னோர் ஐயமும் உண்டு. 1952 ஆகஸ்டில்தான் தஞ்சாவூர் மாவட்டப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் மிராசுதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இடையே பதற்றம் இருந்த நேரம். சின்னத் தாத்தா போனது அதற்கு அடுத்த மாதம். இதைக் கதையில் சேர்த்தால் அதுவே காரணம் என்று வாசகர் பிடித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறேன்.

---

கடைமடை எழுதியது:

சட்டம் வந்தது உண்மை என்றால் ஊர் அதைப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கும். டீக்கடையில் பேசட்டும், உங்கள் சின்னத் தாத்தா கேட்டுக்கொண்டிருக்கட்டும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அது காரணம் ஆகிவிடாது.

நான் எழுத வந்தது மண்வெட்டியைப் பற்றி. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, வெண்ணாற்றுப் பாசனத்தில் சட்ரஸ் என்னும் மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவர். முறைத் தண்ணீர் இரவுகளில் அவரோடு கரையில் படுத்திருக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படலாம் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் வாய்க்காலில் குறுக்கே மண்ணும் புல்பத்தையும் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி) போட்டுத் தண்ணீரைத் திருப்பி, வயலின் வாமடையை, அதாவது தண்ணீர் உள்ளே வரும் வரப்பு வாயை, வெட்டிவிட வேண்டும். அதன் பிறகு வேலை இல்லை, காவல்தான். தண்ணீர் வயலுக்குள் ஏறும்போது முதலில் ஓசை இருக்கும், வெடிப்புகளுக்குள் இறங்கும் ஓசை. பிறகு ஓசை குறைந்துகொண்டே வரும். நடவு முடிந்த வயலில் பயிர் மூழ்கிவிடாமல் அளவாக நிறுத்த வேண்டும் என்பதால் நடுநடுவே இறங்கிக் காலால் ஆழம் பார்ப்பார்கள். மூன்று மா என்பது ஏறத்தாழ ஒரு ஏக்கர்; சின்ன வாய்க்கால் என்றால் நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஒழுகும், அதையும் தேடி மிதித்து அடைக்க வேண்டும்.

மண்வெட்டியை எப்போது கழுவுவார்கள் தெரியுமா? வாமடையை வெட்டியதும் கழுவ மாட்டார்கள், ஏனென்றால் மறுபடியும் மண் எடுத்து அடைக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஓடும் தண்ணீரில் அலசித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். என் அப்பா ஒருநாளும் சேற்றோடு மண்வெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆகவே எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தேடிப் போனவர்கள் மதகைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள் என்கிறீர்கள். வயலைப் பார்த்தார்களா? தண்ணீர் ஏறியிருந்ததா? வாமடை திறந்து கிடந்ததா, அடைத்திருந்ததா?

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

உங்கள் பதிவைப் படித்தவுடன் என் அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. தேடிப் போனவர்களோடு ஒன்பது வயதுப் பெண்ணாக வரப்பில் ஓடியவர். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் அவரிடம் வயலைப் பற்றிக் கேட்டதே இல்லை.

மூன்று மாவிலும் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றதாம். பயிரின் நுனி எல்லாம் வெளியே தெரிந்ததாம். வாமடை புல்பத்தை வைத்து நன்றாக மிதித்து அடைக்கப்பட்டிருந்ததாம். வாய்க்காலில் போட்டிருந்த குறுக்கு மண்ணைக் கலைத்துவிட்டு, எங்களுக்கு அடுத்த முறைக்காரரின் வாமடையையும் அவரே வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வயலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது என்று அத்தை சொன்னார்.

இதை அப்பாயி தம் கதையில் ஏன் ஒருநாளும் சொன்னதில்லை என்று அத்தையிடம் கேட்டேன். அத்தைக்கு என் கேள்வியே புரியவில்லை. "தண்ணி விடப் போனவன் அப்படித்தானேப்பா செய்வான், அதை என்னன்னு சொல்லுறது" என்றார்.